பயணத்திட்டத்தில் இல்லாத பக்கம்

முப்பத்தெட்டாம் தடவையும் அதே பகிடி.
"இந்தக் கல்சிங்கங்கள் சூச்சோவிலயிருந்து வந்ததுகள்.
இதுகளிட்ட மட்டும்தான்
ஒருத்தரும் தலைவரி கேக்கேல்ல."
வினிஃப்ரெட் மாக் மைக்கோடு சிரிப்பாள்.
(அவளின் ஆங்கிலம் எனக்குள்
எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாய்த்தான் இறங்கும்.)
நாற்பத்தாறு பேரில் பாதி சிரிக்கும்.
மீதி, தலைவரி என்றால் என்னவென்று
போனில் தேடும்.

நான் சாரதி.
காலை ஐந்தே முக்காலுக்கு வன்கூவரில் ஏற்றி
இரவு ஒன்பதரைக்கு அதே மூலையில் இறக்கிவிடுபவன்.
இடையில் ஒரு கப்பல், ஒரு தீவு,
ஒரு சீனத்தெரு.
'ஒரே நாளில் பழைய விக்டோரியா.'
மதியச் சாப்பாடு கட்டணத்தில் அடக்கம்.

கப்பலில் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள்,
திமிங்கிலம் தெரியுமாம்.
நான் சிற்றுண்டிச்சாலையில்
கடலுக்கு முதுகைக் கொடுத்து
தேத்தண்ணி குடிப்பேன்.

ஃபான் டான் சந்துக்குள்
எதிரே ஆள் வந்தால்
யாராவது ஒருவர் பக்கவாட்டில் திரும்பத்தான் வேண்டும்.
சூதாடிகள் இருந்த கதவுகளுக்குப் பின்னால்
இப்போது வாழ்த்து அட்டை வாங்கலாம்.
"ஐந்நூறு டொலர் கட்டித்தான் இறங்கினவை,
அந்தக் காசுக்கு அப்ப ரெண்டு வீடு வாங்கலாம்."
கல்கரிக்காரர் ஒருவர் கேட்டார்:
இன்றைய மதிப்பில் எவ்வளவு?
அவள் ஏதோ ஒரு தொகை சொன்னாள்.
எனக்கு வேறு கணக்கு ஓடியது:
அம்மாவின் தாலிக்கொடி,
தம்பியின் ஓட்டோ,
கொடிகாமத்துக் காணியில் கிணறு இருந்த பாதி,
மிச்சத்துக்கு
நூற்றுக்கு ஐந்து வட்டி.

கடைசி இடம் கடலோரச் சீன மயானம்.
சூரியகாந்தி விதை கொறித்தபடி இறங்கினார்கள்.
ஏழு வருடம் மண்ணில் கிடந்த எலும்பைத் தோண்டி,
கழுவி, காயவைத்து,
பெயரெழுதிப் பெட்டியில் அடைத்து
ஊருக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.
யுத்தம் வந்தது.
கப்பல் வரவில்லை.
பெட்டிகளைக் கடைசியில் இங்கேயே
மொத்தமாய்ப் புதைத்தார்கள்.
இந்த இடத்தில் அவள் வழக்கமாய்ச் சொல்வது:
"படம் எடுக்கப் பத்து நிமிசம்."

அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.
காற்று பேய்த்தனமாய் அடித்தது. மைக்கை அணைத்தாள்.
"இதில ஒரு பெட்டி
எங்கட வீட்டாள்.
எது எண்டு தெரியாது."
கேட்டது முன்வரிசையில் நின்ற நாலு பேருக்கும்
பஸ் கதவில் சாய்ந்து நின்ற எனக்கும்தான்.
பின்னால் நின்றவர்கள்
பத்து நிமிசம் எப்போது தொடங்கும் என்று பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தாள்.
பின்னால் குறட்டைகள்.
"நீ எந்த விமானநிலையத்தில வந்திறங்கினனீ?"
இத்தனை பயணத்தில் முதல் கேள்வி.
ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து
மேற்கே காட்டினேன்.
எஸ்குவைமால்ட் துறைமுகம்.
"கப்பலிலயோ?"
"மூண்டு மாசம்."
"மேல்தளத்திலயோ?"
சிவப்பு விளக்கு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன்.
பச்சை வந்த பிறகும்
அவள் திரும்பக் கேட்கவில்லை.

இரவுக் கப்பலில்
சிற்றுண்டிச்சாலைக்கு வந்தாள்,
கையில் மதியம் மிஞ்சிய தாமரைவிதைப் பன்.
எதிர்க் கதிரை காலியாய்த்தான் கிடந்தது,
உட்கார்ந்தால் முழுக்கடலும் தெரியும்.
அவள் சுற்றி வந்து
என் பக்கத்தில் இருந்தாள்.
கடல் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டு வந்தது.

பன்னைப் பிய்த்தாள்.
பெரிய பாதி எனக்கு.
"சூச்சோவுக்கு நான் இன்னும் போனதேயில்ல," என்றாள்,
"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."